வந்த கடிதம் எங்கே போச்சு?

தபால்காரர் வாசலில் நின்று குரல் கொடுத்த நாளில், கடிதம் வந்ததா இல்லையா என்று வீட்டில் சண்டை வந்ததே கிடையாது. யாராவது ஒருத்தர் வாங்கி ஹால் அலமாரியில் செருகி வைப்பார். தேடினால் கிடைத்துவிடும். ஈமெயில் வந்த பிறகுதான் "எனக்கு வரலையே", "எனக்கு வந்ததே", "காலையில பார்த்தேனே, இப்போ காணோமே" என்று ஒரே வீட்டில் மூன்று பேர் மூன்று விதமாகப் பேசுகிறோம். மூன்று பேர் சொல்வதும் நிஜம் என்பதுதான் வேடிக்கை!

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மாமனார் ரிடையர் ஆன வருஷம் ஆரம்பித்த முகவரி ஒன்று உண்டு. இன்டர்நெட் இணைப்புக் கொடுத்த நிறுவனமே தந்தது. ஹாலில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டரில் தண்டர்பேர்டு என்ற மெயில் புரோகிராம். மொசில்லாக்காரர்கள் 2004 டிசம்பரில் முதல் பதிப்பை வெளியிட்டார்கள், காசு கிடையாது. மாமாவுக்கு அது கைக்குப் பழகிவிட்டது. அதே முகவரியை இவர் லாப்டாப்பிலும் நான் ஃபோனிலும் வைத்திருந்தோம். பென்ஷன், இன்ஷூரன்ஸ், காஸ் பில், பையனின் பள்ளிக்கூட நோட்டீஸ், எல்லாம் அந்த ஒரே முகவரிக்குத்தான்.

போன வருஷம் அத்தைக்குக் கழுத்தில் சின்னதாக ஒரு கட்டி தெரிந்தது. தைராய்டு கட்டியாக இருக்கும், ஊசியால் திசு எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். ரிப்போர்ட் மெயிலில் வரும் என்றார்கள். திங்கள் போனது, செவ்வாய் போனது, ஒன்றும் வரவில்லை. அத்தை வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை. ராத்திரி தூங்கவில்லை என்பது மட்டும் காலையில் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பரிசோதனைக்கூடத்துக்கு ஃபோன் போட்டால், "அனுப்பிட்டோம்மா" என்கிறாள் அந்தப் பெண். இன்னொரு தடவை அனுப்பச் சொன்னேன். அதுவும் வரவில்லை!

புதன்கிழமை சாயங்காலம் ஹால் கம்ப்யூட்டரில் தண்டர்பேர்டைத் திறந்தேன். இரண்டு ரிப்போர்ட்டும் அதில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. மாமா ஊரில் இல்லை. பையன் ஹோம்வொர்க்குக்காகக் கம்ப்யூட்டரைப் போட்டிருக்கிறான். போட்டதும் தண்டர்பேர்டு தானே விழித்துக்கொண்டு, வந்த கடிதங்களையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறது. நல்ல வேளை, சாதாரணக் கட்டிதான், பயமில்லை என்று எழுதியிருந்தது. அன்று ராத்திரி அத்தை இரண்டு தோசை கூடவே சாப்பிட்டார்.

ஏன் இப்படி ஆயிற்று? மெயில் கம்பெனியிலிருந்து கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுவர இரண்டு வழி உண்டு. ஒன்றின் பெயர் பாப். போஸ்ட் ஆபீஸில் போய்த் தபால் பையை வாங்கி வருவது மாதிரி. யார் முதலில் போகிறாரோ அவர் பை நிறைய வாங்கிவந்துவிடுவார்; பின்னால் போகிறவருக்கு வெறும் கை. "சர்வரில் ஒரு பிரதி விட்டு வை" என்று ஒரு கட்டம் இருக்கிறது. மாமாவின் தண்டர்பேர்டில் அதில் டிக் இல்லை. டிக் போட்டாலும் தொல்லை பாதிதான் தீரும். நான் ஃபோனில் படித்தது அவருக்குப் படிக்காததாகவே தெரியும். அவர் எழுதிய பதில் அந்தக் கம்ப்யூட்டரை விட்டு வேறெங்கும் தெரியாது.

இன்னொன்று ஐமேப். 1986-ல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிரிஸ்பின் என்பவர் வகுத்த முறை. இதில் கடிதங்கள் கம்பெனியின் அலமாரியிலேயே இருக்கும். நாம் எந்த ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாலும் அதே அலமாரிதான். ஒரு முகவரியை இரண்டு பேரோ இரண்டு மெஷினோ வைத்திருக்கிற வீட்டுக்கு ஐமேப் ஒன்றே ஒத்துவரும் என்பது என் அபிப்பிராயம். பாப் தனிக்கட்டைக்குச் சரி.

கடிதம் காணோம் என்றால் புரோகிராமைக் குடைவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். பிரவுசரில் மெயில் கம்பெனியின் வலைத்தளத்துக்கே போய், முகவரியும் பாஸ்வேர்டும் போட்டுப் பாருங்கள். அங்கே கடிதம் இருந்தால் கோளாறு நம் மெஷினில். அங்கேயும் இல்லையென்றால் வேறொரு மெஷின் எடுத்துப்போயிருக்கும், அல்லது யாரோ அழித்திருப்பார்கள், அல்லது அனுப்பவே இல்லை. ஸ்பாம் என்ற குப்பைக்கூடையையும் அங்கேயே கிளறிவிடுங்கள். பாப் முறையில் இன்பாக்ஸ் மட்டும்தான் வீட்டுக்கு வரும். கம்பெனி தவறுதலாகக் குப்பையில் போட்ட ஆஸ்பத்திரிக் கடிதம் ஆயுசுக்கும் உங்கள் கம்ப்யூட்டரில் எட்டிப் பார்க்காது.

தண்டர்பேர்டில் பாப் கணக்கை அப்படியே ஐமேப்பாகத் திருப்ப முடியாது. அதே முகவரியை ஐமேப் என்று புதிதாகச் சேர்க்க வேண்டும். பிறகு பழைய கணக்கில் இருக்கும் கடிதங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புதிய கணக்கின் ஃபோல்டருக்கு காப்பி செய்ய வேண்டும். எல்லாம் ஏறிவிட்டதென்று வலைத்தளத்தில் பார்த்துச் சரி செய்துகொண்ட பின்தான் பழையதை எடுக்கலாம். கம்பெனி கொடுக்கிற இடம் போதுமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜிமெயிலில் கூகுளின் மற்ற சாமான்களையும் சேர்த்து 15 ஜி.பி. இலவசம், எங்களுடைய முகவரியில் அதைவிட ரொம்பக் குறைவு. இந்த வேலைக்கு முன்னால் தண்டர்பேர்டை மூடிவிட்டு, அதன் புரொஃபைல் ஃபோல்டரைப் பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து வைப்பது அவசியம். அந்த ஃபோல்டர் எங்கே இருக்கிறதென்று ஹெல்ப் மெனுவில் டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் பக்கம் காட்டும். எனக்கு இரண்டு மத்தியானம் பிடித்தது. மாமாவின் பதினைந்து வருஷக் கடிதங்கள் ஆயிற்றே!

ஐமேப்பிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. ஒரே அலமாரி என்பதால் ஒருத்தர் அழித்தால் எல்லோருக்கும் அழிந்துவிடும். எதிர் ஃபிளாட் அக்கா வீட்டில் மூன்று வயசுப் பேரன் டாப்லெட்டில் விரலை வைத்துத் தள்ளித் தள்ளி விளையாடியதில், மருமகளின் ஆபீஸ் கடிதம் நாற்பது குப்பைக்குப் போய்விட்டது. ஜிமெயில் என்றால் குப்பையில் 30 நாள் இருக்கும், திருப்பி எடுக்கலாம். எடுத்தார்கள். குழந்தை கைக்குப் போகிற மெஷினில் மெயில் வேண்டாமே!

"ஸ்கூல் மெயில் உனக்கு வருது, எனக்கு மணி அடிக்கவே இல்லை" என்று இவர் கொஞ்ச நாள் குறைப்பட்டார். பள்ளிக்கூடத்துக் கடிதங்கள் சர்வரிலேயே தனி ஃபோல்டருக்குப் போகும்படி வைத்திருந்தோம். தண்டர்பேர்டு சாதாரணமாக இன்பாக்ஸை மட்டும்தான் எட்டிப் பார்க்கும். அந்த ஃபோல்டர் மேல் வலது பட்டனை அழுத்தி, பிராபர்ட்டீஸில் "புதுக் கடிதம் பார்க்கும்போது இதையும் பார்" என்கிற கட்டத்தில் டிக் போட்டதும் சரியாயிற்று. ஃபோல்டரே கண்ணில் படவில்லை என்றால், கணக்கின் பெயர் மேல் அதே மாதிரி அழுத்தி, சப்ஸ்கிரைப் என்பதில் தேடுங்கள்.

"வருது, ஆனா போகமாட்டேங்குது!" இதுவும் அடிக்கடி கேட்கிற புலம்பல். கடிதம் கொண்டுவரும் தபால்காரர் வேறு, நாம் போடும் தபால்பெட்டி வேறு இல்லையா? அதே மாதிரி மெயில் வாங்குகிற சர்வர் வேறு, அனுப்புகிற சர்வர் வேறு. இரண்டுக்கும் தனித்தனியாகப் பாஸ்வேர்டைப் புரோகிராம் ஞாபகம் வைத்திருக்கும். பாஸ்வேர்டை மாற்றிய அன்று ஒன்றை மட்டும் மாற்றினால் இந்தக் கதைதான். செட்டிங்ஸில் பிரைவசி பகுதியில் சேவ்டு பாஸ்வேர்ட்ஸ் என்ற பட்டியல் இருக்கிறது. அங்கே அந்த முகவரிக்கான இரண்டு வரிகளையும் நீக்கிவிட்டால், அடுத்த தடவை புதிதாகக் கேட்டுக்கொள்ளும்.

பாஸ்வேர்டு மாற்றினால் வீட்டிலுள்ள எல்லா மெஷினிலும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். மறந்து பரணில் போட்ட பழைய ஃபோன் ஒன்று சார்ஜில் இருந்தால் போதும், பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு நிமிஷத்துக்கொரு தரம் கதவைத் தட்டும். திருடனோ என்று பயந்து சில கம்பெனிகள் கணக்கையே கொஞ்ச நேரம் பூட்டிவிடும். மாட்டிக்கொள்வது சரியான பாஸ்வேர்டு போட்டவர்!

பாஸ்வேர்டு நூற்றுக்கு நூறு சரி, வலைத்தளத்தில் திறக்கிறது, புரோகிராம் மட்டும் ஒத்துக்கொள்ள மறுக்கிறது என்றால் காரணம் வேறு. வெறும் பாஸ்வேர்டோடு வரும் புரோகிராம்களை கூகுள் 2022 மே 30-லிருந்து தனிநபர் கணக்குகளில் தடுக்க ஆரம்பித்தது. மைக்ரோசாஃப்ட் தன் தனிநபர் அவுட்லுக் கணக்குகளுக்கு 2024 செப்டம்பர் 16-ல் அதே வழிக்கு வந்தது. அக்கவுண்ட் செட்டிங்ஸில் சர்வர் செட்டிங்ஸ் போய், ஆதன்டிகேஷன் மெதட் என்ற இடத்தில் ஓ-ஆத் 2 என்று மாற்றுங்கள். அனுப்பும் சர்வருக்கும் அதையே வையுங்கள். கம்பெனியின் சொந்த ஜன்னல் ஒன்று திறக்கும். அதில் பாஸ்வேர்டு போட்டால் முடிந்தது. ஜன்னல் திறந்து திறந்து மூடுகிறதென்றால் தண்டர்பேர்டில் குக்கீஸ் தடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு நாள் ஹால் கம்ப்யூட்டரில் மட்டும் மெயில் அடியோடு நின்றது. சர்ட்டிஃபிகேட் சரியில்லை என்று ஏதோ சொன்னது. இவர் இன்டர்நெட்காரரைத் திட்டினார். நான் திரையின் மூலையைப் பார்த்தேன்: தேதி பல வருஷம் பின்னால்! கம்ப்யூட்டரின் வயிற்றில் காசு மாதிரி ஒரு பாட்டரி இருக்கிறது, பெரும்பாலும் சி.ஆர். 2032 ரகம். அது தீர்ந்தால் கரெண்ட் போய் வந்ததும் கடிகாரம் பழைய காலத்துக்குப் போய்விடும். தேதி தப்பானால் சர்வரின் அடையாளச் சீட்டு இன்னும் அமலுக்கு வரவில்லை என்று புரோகிராம் நினைத்துக்கொள்கிறது. சுவிட்சை அணைத்து ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பாட்டரியை மாற்றினோம். பழைய பாட்டரியைக் குழந்தை எடுக்க முடியாத இடத்தில் போடுங்கள். விழுங்கினால் உணவுக்குழாயே வெந்துபோகும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம் அது.

தலைப்பைத் தொட்டால் வேறு கடிதம் திறக்கிறது, அல்லது வெறும் வெள்ளையாக வருகிறது என்றால் பதற வேண்டாம். புத்தகம் நன்றாக இருக்கிறது, பொருளடக்கம்தான் கலைந்திருக்கிறது. ஃபோல்டர் பிராபர்ட்டீஸில் ரிப்பேர் ஃபோல்டர் அழுத்தினால் மறுபடி எழுதிக்கொள்ளும். புரோகிராம் ஆமை வேகத்தில் நகர்ந்தால் கம்பேக்ட் செய்யுங்கள். அழித்த கடிதங்கள் உண்மையில் ஃபைலுக்குள்ளேயே இடம் அடைத்துக்கொண்டிருக்கும், கம்பேக்ட் செய்தால்தான் போகும்.

கம்ப்யூட்டர் ஒன்று, ஆட்கள் நாலு பேர் என்றால் ஆளுக்கொரு விண்டோஸ் லாகின் வைத்துவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் தண்டர்பேர்டு தானாகவே தனி அறை கொடுத்துவிடும். ஒரே லாகினுக்குள் இரண்டு புரொஃபைல் வைப்பதும் முடியும். ஆனால் அது திரைச்சீலை மாதிரி, யார் வேண்டுமானாலும் விலக்கிப் பார்க்கலாம். பூட்டுள்ள கதவு லாகின்தான். இப்போது மாமாவின் பென்ஷன் முகவரி அவர் லாகினில். வீட்டு முகவரி மட்டும் ஐமேப்பில் எல்லோரிடமும்.

பழைய கம்ப்யூட்டரைக் கடைக்குப் போடுகிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. தண்டர்பேர்டில் கணக்கை நீக்கும்போது, கடிதங்களையும் சேர்த்து நீக்கவா என்று ஒரு கட்டம் கேட்கும். டிக் போடாவிட்டால் கணக்கு போய்விடும், கடிதங்கள் டிஸ்கிலேயே தங்கிவிடும், வாங்குகிறவர் படிக்கலாம். ஆனால் அது பாப் கணக்காக இருந்தால், உலகத்திலேயே அந்தக் கடிதங்களின் ஒரே பிரதி அதுவாகவும் இருக்கக்கூடும். பென் டிரைவில் பிரதி எடுத்து, வேறொரு மெஷினில் திறந்து பார்த்த பிறகு டிக் போடுங்கள்.