மகிழுந்தின் குரல்



பிற மாநிலங்களில் வாழும் நம்மில் பலர் குடும்பத்தோடு தமிழ்ப்பாட்டுக் கேட்கும் இடம் மகிழுந்து. ஒருநாள் அப்பாட்டு கரகரக்கத் தொடங்குகிறது. சொற்கள் தெளிவாகக் கேட்பதில்லை. பாட்டுப்பெட்டி கெட்டுவிட்டது என்று எண்ணுகிறோம். பல நேரங்களில் கெட்டது பெட்டியன்று. கதவினுள் இருக்கும் ஒலிபெருக்கியே.

பழுது ஏன்?

ஒலிபெருக்கியில் ஒரு காந்தமும் கம்பிச்சுருளும் உள்ளன. மின்னோட்டம் திசைமாறிப் பாயும்போது சுருள் முன்னும் பின்னும் அசைகிறது. அதனோடு ஒட்டிய கூம்பும் அசைந்து காற்றை அதிரச் செய்கிறது. அவ்வதிர்வே பாட்டாக நம் செவியில் விழுகிறது. பல ஒலிபெருக்கிகளில் கூம்பின் விளிம்பைச் சுற்றி நுரைவளையம் ஒன்று உண்டு. வெயிலும் ஈரமும் அதனை நாளடைவில் உதிர்த்துவிடும். ஒலியை இடம், வலம், முன், பின் என மாற்றிக் கேட்டால் பழுதுற்றது எதுவென்று புலப்படும்.

மாற்றும் முறை

இதனைப் பெரியவர் துணையுடனேயே செய்தல் வேண்டும்.

1. மகிழுந்து மின்கலத்தின் எதிர்முனை இணைப்பை முதலில் கழற்றுக.
2. கைப்பிடியருகே மறைந்திருக்கும் திருகாணிகளைக் கழற்றி, கதவின் உட்பலகையை நெகிழிக் கருவியால் மெல்ல நெம்புக. பொத்தான்களுக்குச் செல்லும் கம்பிகளை இழுக்காமல், இணைப்பிலேயே பிரிக்க.
3. பழைய ஒலிபெருக்கியின் விட்டம், ஆழம், ஓம் எண் ஆகியவற்றைப் பார்த்துப் பொருத்தமான புதியதை வாங்குக. ஆழம் மிகுந்தால் கீழிறங்கும் கண்ணாடி அதன்மேல் இடிக்கும்.
4. நேர்முனையை நேர்முனையோடும், எதிர்முனையை எதிர்முனையோடும் இணைக்க. ஒரு கதவில் மட்டும் இவை மாறினால், ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றொன்று பின்னே செல்லும். மிருதங்கத்தின் தொப்பி ஒலி மெலிந்துவிடும்.
5. உட்பலகையை மூடுமுன் பாட்டை ஒலிக்கவிட்டும் கண்ணாடியை ஏற்றி இறக்கியும் பார்க்க.

மறவாதிருக்க

உட்பலகையின் பின்னே ஒரு நெகிழித்தாள் ஒட்டப்பட்டிருக்கும். கண்ணாடி வழியே கதவினுள் வழியும் மழைநீரைத் தடுப்பது அதுவே. நான் முதன்முறை மாற்றியபோது அதன் பயனறியாது கிழித்தெறிந்துவிட்டேன். அடுத்த மழைக்காலத்தில் உட்பலகை நனைந்தது. புதிய ஒலிபெருக்கியும் கரகரத்தது. மறுமுறை புதிய தாளை வெட்டி, ஓரங்களில் இடைவெளியின்றி ஒட்டினேன். அதன்பின் பல மழைகளைக் கண்டும் அம்மகிழுந்து தெளிவாகவே பாடுகிறது. ஆகவே, ஒரு பொருளின் பயனை அறியுமுன் அதனைக் களையாதீர்.

சொற்பொருள்

செவி – காது
நெம்புதல் – அடியில் கருவியைக் கொடுத்துக் கிளப்புதல்
தொப்பி – மிருதங்கத்தின் இடப்பக்கம்
களைதல் – நீக்குதல்

பயிற்சி

1. நுரைவளையம் உதிர்வதற்குக் காரணங்கள் யாவை?
2. ஒரு கதவில் மட்டும் முனைகள் மாறினால் ஒலி ஏன் மெலிகிறது?
3. பிரித்து எழுதுக: அவ்வதிர்வு, உட்பலகை.
4. உங்கள் வீட்டில் பழுது நீக்கிய ஒரு பொருளைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.