காக்க வைத்துக் காத்த நகரம்

2020-ல் நம் தெருக்களில் வீட்டுக் கதவு தோறும் நோட்டீஸாக ஒட்டப்பட்ட 'குவாரண்டைன்' ஞாபகம் இருக்கிறதா? சொல் வெனிஸ்காரர்களுடையது. ஆனால், அந்த ஏற்பாட்டை முதலில் சட்டமாக்கிய ஊர், குரோஷியாவின் துறைமுகமான டுப்ரோவ்னிக்.

அங்கே போனால் முதலில் கேபிள் காரில் ஸர்ஜ் மலைக்கு ஏறிவிடுங்கள். 412 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் ஊரின் தலையெழுத்து புரிந்துவிடும். முதுகில் மொட்டைச் சுண்ணாம்புப் பாறை, முகத்துக்கு நேரே ஏட்ரியாட்டிக் கடல், நடுவே 1,940 மீட்டர் மதிலுக்குள் நெருக்கியடித்த சிவப்பு ஓட்டுக் கூரைகள். உழுவதற்கு நிலம் ஏது? கப்பல் வந்தால்தான் உலை கொதிக்கும்.

ரகூசா என்ற பெயரில் அது குடியரசாக இருந்த காலத்தில், கப்பலோடு கொள்ளைநோயும் வந்தது. துறையை மூடினால் பட்டினி, திறந்தால் சாவு. 1377-ல் பெருமன்றம் நடுவழி கண்டது. நோய் பரவிய ஊரிலிருந்து வருபவர்கள் மர்க்கான் தீவிலோ சவ்டாட் ஊரிலோ ஒரு மாதம் இருந்துவிட்டுத்தான் உள்ளே வரலாம். அந்தக் கெடு பிறகு 40 நாளானது. நாற்பதைக் குறிக்கும் வெனிஸ் சொல்தான் பின்னாளில் நம் வாசல் வரை வந்தது.

கிழக்கு வாசலைத் தாண்டினால் 'லாசரெட்டி'. வணிகர்களும் சரக்கும் காத்துக் கிடந்த அந்த 17-ஆம் நூற்றாண்டுக் கல்கூடங்களில் இன்று கலை நிகழ்ச்சிகள் நடக்கின்றன.

வெளியாரிடம் மட்டுமா இந்தக் கண்டிப்பு? ஆட்சித் தலைவரான ரெக்டருக்கும் பதவி ஒரே ஒரு மாதம்தான். அந்த மாதமும் அரசு வேலை இல்லாமல் அரண்மனையை விட்டு வெளியே வரக் கூடாது!

1667 நிலநடுக்கம் ஊரைச் சாய்த்தது. 1808-ல் நெப்போலியனின் படை குடியரசுக்கு முடிவு கட்டியது. 1991-ல் குண்டுமழை. ஒவ்வொரு முறையும் கூரை வேய்ந்து எழுந்தது ஊர்.

இப்போதைய முற்றுகை சுற்றுலாக் கப்பல்களுடையது. ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கானோர் இறங்க, ஸ்ட்ராடூன் வீதியில் கால் வைக்க இடமில்லாமல் போனது. நகராட்சி பழைய வைத்தியத்தையே கையில் எடுத்தது: கப்பல்களின் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு, வரும் நேரத்துக்கு முறைவைப்பு.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மாலையில் கப்பல்கள் கிளம்பிய பிறகுதான் அது ஊராகிறது. ஓர் இரவாவது தங்குங்கள். நல்ல செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள். பல தலைமுறைக் கால்கள் தேய்த்த ஸ்ட்ராடூன் கல், மழை பெய்தால் வழுக்கும்.