சாக்கடையில் விடத் தகாதவை

சேர்வராயன் மலையில் பிறந்து, சேலம் நகரின் நடுவே சென்று, நாமக்கல் ஜில்லாவின் வயல்களைத் தொட்டுக் காவிரியில் கலப்பது திருமணிமுத்தாறு. அதன் பெயரிலுள்ள மணியும் முத்தும் இன்று நீரில் இல்லை. வீட்டுக் கழிவும் சாயக் கழிவும் அதை நிறம் மாற்றிவிட்டன. “நாங்கள் ஆற்றில் விடவில்லை, சாக்கடையில்தான் விடுகிறோம்” என்று சமாதானம் கூறுவோர் உண்டு. அச்சமாதானம் செல்லுமா என்பதே கேள்வி.

1974-ஆம் வருஷத்து நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, ஆறு, கிணறு, நிலம் ஆகியவற்றோடு சாக்கடையையும் சேர்த்தே, நச்சுப் பொருளை அறிந்து விடலாகாது என்று விலக்குகிறது. 1993-இல் வகுக்கப்பட்ட பொது அளவுகள் மேலும் தெளிவானவை. அழுகும் பொருளைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் பிராணவாயுவைக் கொண்டு கழிவை அளப்பது வழக்கம். அத்தேவை, ஆற்றில் விடும் நீரில் லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. பொதுச் சாக்கடையில் 350 வரை செல்லலாம். மிதக்கும் திடப்பொருளுக்கு ஆற்றில் 100, சாக்கடையில் 600.

சாக்கடைக்கு ஏன் இத்தனை சலுகை? அதன் முடிவில் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது என்னும் நம்பிக்கையே காரணம். உயிரியல் முறையில் சுத்திகரிக்கும் நிலையத்திற்குச் செல்லாத சாக்கடையில் விடுவது, ஆற்றில் விடுவதாகவே கொள்ளப்படும் என்று அவ்விதியே கூறுகிறது. ஆகவே, நேரே திருமணிமுத்தாற்றில் விழும் கால்வாய் சட்டத்தின் கண்ணில் ஆறேயாகும். சலுகை அங்கே செல்லாது.

நிலையம் இருந்தாலும் எல்லாம் தீர்ந்துவிடாது. அங்கே வேலை செய்பவை நுண்ணுயிர்கள். அமிலம் மிகுந்தால் அவை மடியும். சாயத் தொழிலின் உப்பை அவற்றால் உண்ண இயலாது. உப்பு அப்படியே கடந்து கீழ்மடையிலுள்ள உழவனின் கிணற்றை அடையும். சல்பைடு கலந்த சாயக் கழிவும் அமிலமும் குழாயில் சந்தித்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் விஷவாயு எழும். அடைப்பு நீக்கத் தக்க பாதுகாப்பின்றி மனிதனை இறக்குவதை 2013-ஆம் வருஷத்துச் சட்டம் தடுத்திருந்தும், நம் நாட்டில் சாக்கடை மரணங்கள் நிற்கவில்லை. நாம் ஊற்றுவது யாரோ ஒரு தொழிலாளியின் மூச்சில் சேர்கிறது.

சிறு பட்டறைக்காரர் தனித்து இச்செலவைத் தாங்க மாட்டார் என்பது மெய்யே. ஆனால் திருப்பூரைப் பார்ப்போம். நொய்யல் கெட்டு, ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமான பின்னர், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயச்சாலைகளை மூட உத்தரவிட்டது. தொழிலாளர் தவித்தனர். காலத்தே செய்யாத செலவு பன்மடங்காகத் திரும்பியது.

சேலம் அந்நிலையை எய்தலாகாது. எந்தக் கால்வாய் எங்கே முடிகிறது என்பதை மாநகராட்சி வார்டு தோறும் ஜனங்களுக்கு அறிவிக்க வேண்டும். சிறு பட்டறைகள் கூட்டாகச் சுத்திகரிப்பு நிலையம் அமைக்கச் சர்க்கார் கைகொடுக்க வேண்டும். அதன் பின்னும் மீறுவோரிடம் தயை காட்டலாகாது. 1917 முதல் 1919 வரை ராஜாஜி தலைமை வகித்த நகரசபையின் வழிவந்தது இம்மாநகராட்சி. விதியை ஏட்டில் வைத்துவிட்டு ஆற்றைச் சாக்கடையாக்குவது அதற்கு அழகன்று.