கணினிவழி வடிவமைப்பில் ஆள்கூற்று முறைமைகள்

கணினிவழி வடிவமைப்பில் ஆள்கூற்று முறைமை என்பது, வரைபடத்திலுள்ள புள்ளிகளின் இருப்பிடத்தை எண்களால் குறிக்கும் முறை ஆகும். ஆட்டோகேட் போன்ற மென்பொருள்கள் கோடு, வட்டம், வில் முதலிய வடிவவியல் உருப்படிகளைப் படமாகச் சேமிப்பதில்லை; அவற்றை வரையறுக்கும் எண்களையே சேமிக்கின்றன. எனவே எண் பிழைத்தால், திரையில் சரியாகத் தோன்றும் வரைபடமும் களத்தில் பிழையாகிவிடும்.

உருப்படிகள்

கோட்டை அதன் இரு முனைகளின் ஆள்கூறுகள் வரையறுக்கின்றன. வட்டத்திற்கு மையமும் ஆரையும் தேவை. வில்லுக்கு இவற்றுடன் தொடக்கக் கோணமும் முடிவுக் கோணமும் வேண்டும். சென்னை, காட்பாடி, ரேணிகுண்டா, செங்கல்பட்டு ஆகிய திசைகளின் தடங்கள் கூடும் அரக்கோணம் தொடருந்துச் சந்திப்பை வரைபவர், நேர்த்தடங்களைக் கோடுகளாகவும் வட்ட வளைவுகளை விற்களாகவும் குறிக்கலாம்.

முறைமைகளின் வகைகள்

ஆட்டோகேடில் உலக ஆள்கூற்று முறைமை மாறாதது. பயனர் ஆள்கூற்று முறைமையின் தொடக்கப் புள்ளியையும் அச்சுகளையும் வரைபவர் தமக்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். சாய்ந்த கூரையொன்றை வரைய, அச்சுகளை அக்கூரையின் தளத்தில் அமைப்பது எளிது. இவ்வாறு மாற்றுவதால் உருப்படிகள் இடம் பெயர்வதில்லை.

கோணங்களின் வேறுபாடு

ஆட்டோகேடின் இயல்பு அமைப்பில் கோணம் கிழக்கிலிருந்து இடஞ்சுழியாக அளக்கப்படுகிறது. நில அளவையின் முழுவட்டத் திசைகோளோ வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளக்கப்படுகிறது. ஆகவே 90 பாகையிலிருந்து திசைகோளைக் கழித்து உள்ளிட வேண்டும். விடை குறை எண்ணானால் 360 கூட்டலாம்.

எடுத்துக்காட்டாக, (100, 200) என்னும் புள்ளியிலிருந்து 30 பாகைத் திசைகோளில் 50 மீட்டர் தொலைவிலுள்ள எல்லைக்கல்லின் ஆள்கூறு (125, 243.30) ஆகும். இதற்குரிய உள்ளீடு @50<60. மாற்றாமல் @50<30 என்று கொடுத்தால் கல் (143.30, 225) என்னும் இடத்திற்குச் செல்லும். உண்மையான இடத்திற்கும் இதற்கும் இடைவெளி சுமார் 25.9 மீட்டர். கோட்டின் நீளம் சரியாகவே இருப்பதால் நீளத்தை மட்டும் சரிபார்ப்பவருக்கு இப்பிழை தென்படாது.

பெரிய எண்களும் துல்லியமும்

நிலப்படங்களில் பயன்படும் உலகளாவிய குறுக்கு மெர்காட்டர் முறையில் அரக்கோணம் 44ஆம் வலயத்தில் அமைகிறது. நகரின் கிழக்குத் தூரம் சுமார் 3,56,000 மீட்டர். வடக்குத் தூரம் சுமார் 14,46,000 மீட்டர். ஆட்டோகேட் ஆள்கூறுகளை 64 பிட்டு மிதவைப் புள்ளி எண்களாகச் சேமிப்பதால் இவ்வெண்கள் கோப்பில் துல்லியம் இழப்பதில்லை. ஆனால் 32 பிட்டு எண்களைக் கையாளும் நிரலிலோ திரைக்காட்சியிலோ, 14,46,000 அளவிலான அடுத்தடுத்த இரு எண்களுக்கு இடைவெளி 0.125 மீட்டர் ஆகும். சுவரின் தடிப்பை இந்த அளவில் நம்பிக் குறிக்க இயலாது. வட்டங்களும் நெளிந்து தோன்றலாம்.

இதனைத் தவிர்க்க, உருப்படிகள் அனைத்தையும் தொடக்கப் புள்ளிக்கு அருகே நகர்த்தி வரைவது வழக்கம். நகர்த்திய அளவை வரைபடத்திலேயே எழுதிவைத்தல் இன்றியமையாதது. அது தொலைந்தால், வரைபடத்தை நிலப்படத்துடன் மீண்டும் பொருத்தப் பொதுப் புள்ளிகளைக் களத்தில் மறுபடியும் அளக்க நேரிடலாம்.