ஆட்டோ மஞ்சளா இருக்கலாம், ஆனா கேள்வி அதைச் சொல்லல: ரீசனிங் பயிற்சி எப்படி பண்றது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு எபிசோடுக்கு ஒரு பேப்பரும் பேனாவும் பக்கத்துல இருந்தா நல்லது. பஸ்ல போய்க்கிட்டு இருக்கீங்கன்னா பரவாயில்ல, மனசுக்குள்ளயே போட்டுப் பார்க்கலாம்.

பேசப்போறது ரீசனிங் பத்தி. பேங்க் எக்ஸாம், எஸ்எஸ்சி, டிஎன்பிஎஸ்சி, காலேஜ் பிளேஸ்மென்ட்னு எந்தப் பக்கம் போனாலும் ஆப்டிடியூட்னு ஒரு கதவு இருக்கு. நீங்க என்ன படிச்சீங்க, என்ன வேலை தெரியும்னு யாரும் கேக்கிறதுக்கு முன்னாடியே நிறைய பேர் அந்தக் கதவுலயே நின்னுடுறாங்க. ரெண்டு மூணு தடவை நின்ன பிறகு, "எனக்கு லாஜிக் மூளை இல்லப்பா"ன்னு முடிவே பண்ணிடுறாங்க. அந்த முடிவு சரியான்னுதான் இன்னைக்குப் பார்க்கப்போறோம்.

முதல்ல ஒரு ஆட்டோ

சிலாஜிசம் கேள்வி ஒண்ணு. ரெண்டு வாக்கியம் தருவாங்க, அதுலேர்ந்து மூணாவது வருதான்னு கேப்பாங்க.

எல்லா ஆட்டோவும் வண்டி.
சில வண்டிகள் மஞ்சள்.
ஆகவே, சில ஆட்டோக்கள் மஞ்சள்.

சரியா, தப்பா? சென்னையில இருக்கிறவங்க யோசிக்கவே மாட்டாங்க. தெருவுல இறங்கினா மஞ்சள் ஆட்டோதானே! ஆனா பதில்: வராது.

சந்தேகமா இருந்தா, அதே அச்சுல சொல்லை மட்டும் மாத்துவோம்.

எல்லா ஆட்டோவும் வண்டி.
சில வண்டிகளுக்கு ரெண்டு சக்கரம்.
ஆகவே, சில ஆட்டோக்களுக்கு ரெண்டு சக்கரம்.

இப்ப சிரிப்பு வருதுல்ல? ரெண்டும் ஒரே அச்சுதான். 'சில வண்டிகள்'னு சொன்னா, அது ஆட்டோ இருக்கிற பக்கமாவும் இருக்கலாம், ஆட்டோவே இல்லாத பக்கமாவும் இருக்கலாம். எந்தப் பக்கம்னு கேள்வி சொல்லல. முதல் கேள்வியில அந்த இடைவெளியை நீங்க தெருவுல பார்த்த ஆட்டோவை வச்சு நிரப்பிட்டீங்க.

இந்தப் பகுதியில மார்க் போற முக்கியமான இடம் இதுதான். கேள்வி சொன்னதோட, நமக்குத் தெரிஞ்சதையும் சேர்த்துப் படிச்சிடுறோம். முடிவு உலகத்துல உண்மையா இருந்தா, அது அந்த வாக்கியங்கள்லேர்ந்து வந்த மாதிரியே தோணும்.

அதனாலதான் எக்ஸாம்ல "எல்லா பேனாவும் பூனை, எல்லா பூனையும் மேகம்"னு கிறுக்குத்தனமா கேக்கிறாங்க. உங்க உலக அறிவை வெளியில கழட்டி வச்சுட்டு வரச் சொல்ற கேள்வி அது. எல்லா பேனாவும் மேகம்னு முடிவு கேட்டா, தயங்காம 'வரும்'னு போடணும்.

இன்னொரு விஷயத்தையும் கவனிங்க. "சில ஆட்டோக்கள் மஞ்சளா இருக்க வாய்ப்பு உண்டு"ன்னு ஒரு ஆப்ஷன் வந்தா, அது சரி. வாய்ப்பைத் தடுக்கிற மாதிரி கேள்வியில எதுவும் இல்லையே. 'இருக்கு' வேற, 'இருக்கலாம்' வேற. பேங்க் எக்ஸாம்ல இந்த வித்தியாசத்தை வச்சே நிறைய கேள்வி வருது.

நாலு அட்டை, நாலு பேர்

இப்ப 'லாஜிக் மூளை' விஷயத்துக்கு வருவோம். 1966-ல பீட்டர் வேசன்னு ஒரு ஆங்கிலேய உளவியல் ஆய்வாளர் ஒரு சின்னப் புதிரை உருவாக்கினார். தமிழ் எழுத்துக்கு மாத்திச் சொல்றேன்.

மேசையில நாலு அட்டை. ஒவ்வொண்ணுலயும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். இப்ப உங்களுக்குத் தெரியிறது: அ, க, 4, 7. விதி: ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தா, மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கணும். விதி மீறப்பட்டிருக்கான்னு கண்டுபிடிக்க எந்தெந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தே ஆகணும்?

கொஞ்சம் நிறுத்தி யோசிங்க.

ரொம்பப் பேர் சொல்ற பதில் அ, 4. சரியான பதில் அ, 7. நாலுக்குப் பின்னாடி 'க' இருந்தாலும் விதி உடையாது, ஏன்னா 'க'வுக்கு விதி எதுவுமே சொல்லல. ஆனா ஏழுக்குப் பின்னாடி 'அ' இருந்தா விதி போச்சு. வேசனோட சோதனைகள்ல சரியா சொன்னவங்க பத்துல ஒருத்தர் அளவுக்குத்தான்.

இப்ப இதைப் பாருங்க. நீங்க டிராபிக் போலீஸ். விதி: கியர் பைக் ஓட்டினா, 18 வயசு ஆகியிருக்கணும். நாலு பேர் நிக்கிறாங்க, ஒவ்வொருத்தரைப் பத்தியும் ஒரே ஒரு விவரம்தான் தெரியும். ஒருத்தர் கியர் பைக் ஓட்டிட்டு வந்தவர். ஒருத்தர் ஷேர் ஆட்டோவுல வந்தவர். ஒருத்தருக்கு வயசு 25. ஒருத்தருக்கு 16. யாரை விசாரிப்பீங்க?

உடனே சொல்லிடுவீங்க: பைக்ல வந்தவரோட வயசு, 16 வயசுக்காரர் எதுல வந்தார்ங்கிறது. 25 வயசுக்காரர் எதுல வந்தா என்னன்னு விட்டுடுவீங்க. இதுவும் அந்த அட்டைப் புதிரும் ஒரே கணக்கு. 25 வயசுக்காரர்தான் 4. 16 வயசுக்காரர்தான் 7.

1982-ல அமெரிக்காவுல கிரிக்ஸ், காக்ஸ்னு ரெண்டு ஆய்வாளர்கள், பீர் குடிக்கிற வயசு பத்தின விதியை வச்சு ஃபுளோரிடா மாணவர்கள்கிட்ட இதே சோதனையைப் பண்ணாங்க. அதுல பெரும்பாலானவங்க சரியா சொன்னாங்க. பழகின விஷயமா இருந்ததாலயா, 'விதியை யார் மீறுறா'ன்னு பிடிக்கிற வேலையா இருந்ததாலயாங்கிறதுல ஆய்வாளர்களுக்குள்ள விவாதம் உண்டு. நமக்கு வேண்டியது இதுதான்: ஒரே தர்க்கம், வேஷம் மாறினதும் ஜனங்க ஜெயிக்கிறாங்க. அப்போ மூளையில இல்லாம இல்ல. தாள்ல வேற சட்டை போட்டுக்கிட்டு வந்தா அடையாளம் தெரியல, அவ்ளோதான். அடையாளம் கண்டுபிடிக்கிறது பழக்கத்துல வரும்.

'மட்டும்' பண்ற வேலை

வெர்பல் ரீசனிங்ல பெரும்பாலும் ஒரு சின்னச் சொல்தான் கவுத்து விடும்.

"டிக்கெட் இருந்தா உள்ள விடுவாங்க."
"டிக்கெட் இருந்தா மட்டும்தான் உள்ள விடுவாங்க."

முதல் வாக்கியத்துல, டிக்கெட் கையில இருந்தா உள்ள போறது உறுதி. டிக்கெட் இல்லாதவங்களை விடுவாங்களா? தெரியாது, பாஸ் காட்டிப் போகலாம். ரெண்டாவது வாக்கியத்துல, உள்ள இருக்கிற எல்லார்கிட்டயும் டிக்கெட் இருக்குன்னு உறுதி. ஆனா டிக்கெட் வச்சிருக்கிற எல்லாரையும் விட்டாங்களா? அதைச் சொல்லல. அரங்கம் நிறைஞ்சிருக்கலாம். ஆங்கிலத்துல 'இஃப்', 'ஒன்லி இஃப்'னு வர்றது இந்த ரெண்டும்தான்.

'அன்லெஸ்' வந்தா பயப்படாதீங்க, 'இல்லைன்னா'ன்னு மாத்திக்கோங்க. "மேட்ச் நடக்கும், அன்லெஸ் மழை" அப்படின்னா, மழை இல்லைன்னா மேட்ச் நடக்கும். மழை பெஞ்சா? கண்டிப்பா நடக்காதுன்னு நாம நினைச்சுக்கிறோம். எழுதியிருக்கிறது அதைச் சொல்லல.

'சரி, தவறு, சொல்ல முடியாது'ன்னு மூணு ஆப்ஷன் தர்ற கேள்விகள்ல இதுதான் விளையாட்டு. "கடைக்கு ஞாயித்துக்கிழமை லீவு"ன்னு பத்தியில இருக்கு. "திங்கள்கிழமை கடை திறந்திருக்கும்" சரியா? சொல்ல முடியாது. 'சொல்ல முடியாது'ன்னு போட நிறைய பேருக்குக் கை வராது, ஏதோ தெரியாம விட்ட மாதிரி தோணும். அதுவும் ஒரு உறுதியான பதில்தான்.

டீக்கடை பெஞ்ச்

அடுத்தது சீட்டிங் அரேஞ்ச்மென்ட். நேரத்தைச் சாப்பிடுறது இதுதான். சின்னதா ஒண்ணு போடுவோம்.

டீக்கடை பெஞ்ச்ல க, ச, த, ப, ம அப்படின்னு அஞ்சு பேர் வடக்குப் பார்த்து வரிசையா உக்காந்திருக்காங்க.

1. த-வும் ம-வும் பக்கத்து பக்கத்துல இல்ல.
2. க-வுக்கும் ம-வுக்கும் நடுவுல சரியா ரெண்டு பேர்.
3. ம-வுக்கு உடனடி வலது பக்கம் ப.
4. த ஒரு ஓரத்துல இருக்கார்.

எல்லாரும் ஒண்ணாவது குறிப்புலேர்ந்து ஆரம்பிப்பாங்க. வேண்டாம். 'இல்ல'ன்னு சொல்ற குறிப்பு எதையும் உக்கார வைக்காது. அதைக் கடைசிக்கு வையுங்க. இடத்தைப் பிடிச்சுத் தர்ற குறிப்பு எதுன்னு பாருங்க: நாலாவது.

எந்த ஓரம்னு சொல்லல. பலர் யோசிக்காம இடது ஓரத்துல போட்டுட்டு ஓடுவாங்க. ரெண்டு வரிசை வரைங்க.

முதல் வரிசையில த இடது ஓரம். க, ம நடுவுல ரெண்டு பேர் இருக்கணும்னா, மிச்சம் இருக்கிறதுல ரெண்டாவது இடமும் அஞ்சாவது இடமும்தான் வழி. ம அஞ்சுல இருந்தா வலது பக்கம் ப உக்கார இடமில்ல. அதனால ம ரெண்டு, ப மூணு, க அஞ்சு, மிச்சம் ச நாலு: த, ம, ப, ச, க.

ரெண்டாவது வரிசையில த வலது ஓரம். இப்ப க, ம ஒண்ணாவது இடத்துலயும் நாலாவது இடத்துலயும். ம நாலுல இருந்தா ப அஞ்சுக்கு வரணும், அங்க த இருக்கார். அதனால: ம, ப, ச, க, த.

இப்ப ஒண்ணாவது குறிப்பை எடுங்க. முதல் வரிசையில த-வும் ம-வும் ஒட்டி உக்காந்திருக்காங்க. அடிச்சிடுங்க. பதில் ரெண்டாவது வரிசை.

ரெண்டு படம் வரைய பத்து செகண்ட் கூடுதலா ஆகும். ஒரே படத்தை வரைஞ்சு, கடைசியில இடிச்சு, அழிச்சு, திரும்ப ஆரம்பிச்சா ஒரு நிமிஷம் போயிடும். அதோட, தெற்குப் பார்த்து உக்காந்திருந்தா அவங்க வலது உங்க படத்துல இடதா மாறிடும். அந்த ஒரு சொல்லை முதல்லயே வட்டம் போட்டு வச்சுக்கோங்க.

எதை விடணும்ங்கிறதும் கணக்குதான்

ஐபிபிஎஸ் பிஓ பிரிலிம்ஸ்ல ரீசனிங் 35 கேள்வி, 20 நிமிஷம். ஒரு கேள்விக்கு ஏறக்குறைய 34 செகண்ட். அஞ்சு கேள்வி உள்ள ஒரு புதிருக்கு மூணு நிமிஷத்துக்கும் கொஞ்சம் கம்மி. மூணு நிமிஷத்துல படமே உருவாகலைன்னா, விட்டுட்டு நகர்றதுதான் புத்திசாலித்தனம்.

குருட்டாம்போக்குல அடிக்கலாமா? ஒரு கேள்விக்கு 1 மார்க்னு வச்சுக்குவோம். அஞ்சு ஆப்ஷன், தப்புக்குக் கால் மார்க் போகும். அஞ்சு கேள்வி அடிச்சா சராசரியா ஒண்ணு சரி, நாலு தப்பு. ஒரு மார்க் வரும், ஒரு மார்க் போகும். லாபம் பூஜ்யம். ஆனா ஒவ்வொண்ணுலயும் ஒரு ஆப்ஷனையாவது உறுதியா அடிக்க முடிஞ்சா, கணக்கு உங்க பக்கம் சாயும். எஸ்எஸ்சி சிஜிஎல் முதல் கட்டத்துல நாலு ஆப்ஷன், சரிக்கு 2 மார்க், தப்புக்கு அரை மார்க். நாலு அடிச்சா சராசரியா ஒண்ணு சரி, மூணு தப்பு: அரை மார்க் லாபம். டிஎன்பிஎஸ்சி குரூப் 4-ல தப்புக்கு மார்க் குறைக்கிறதே கிடையாது. அதனால எல்லா எக்ஸாமுக்கும் ஒரே தைரியம் வேலைக்கு ஆகாது. இந்த விதிகள் மாறும், உங்க நோட்டிபிகேஷனைப் பார்த்துட்டு இந்தக் கணக்கை நீங்களே ஒரு தடவை போட்டுப் பாருங்க.

நோட்டுல நாலு காரணம்

கடைசியா, பயிற்சி. "டெய்லி நூறு கேள்வி போடுறேன், மார்க் ஏறல"ன்னு நிறைய பேர் சொல்வாங்க. நூறு போட்டு, விடை பார்த்து, "ஓ, ஆமால்ல"ன்னு சொல்லிட்டு அடுத்ததுக்குப் போனா, நாளைக்கும் அதே இடத்துலதான் விழுவோம்.

இருபது போடுங்க, போதும். தப்பானதை, விடையைப் பார்க்காம, கடிகாரம் இல்லாம இன்னொரு தடவை போடுங்க. இப்ப சரியா வந்தா, உங்க பிரச்சினை அவசரம். இப்பவும் வரலைன்னா, அந்த விதி உங்களுக்குப் புரியல. இந்த ரெண்டுக்கும் மருந்து வேற வேற.

அப்புறம் நோட்டுல ஒவ்வொரு தப்புக்கும் நாலுல ஒரு காரணம் எழுதுங்க: கேள்வியில இல்லாததைச் சேர்த்தேன். ஒரு சொல்லை விட்டுட்டேன். விதி தெரியல. நேரம் போதல. ரெண்டு வாரத்துல எந்தக் காரணம் அதிகமா வருதுன்னு தெரிஞ்சிடும். கோச்சிங் சென்டர்ல ஐம்பது பேருக்கு ஒரே பாடம் எடுக்கிறவங்களால இதை உங்களுக்குச் சொல்ல முடியாது. உங்க நோட்டு சொல்லும்.

நேரம் வச்சுப் போடுறதை, ஒரு வகைக் கேள்வி பத்துல எட்டு சரியா வந்த பிறகு ஆரம்பிங்க. தப்பா போடுறதை வேகமா போடப் பழகி என்ன பிரயோஜனம்?

இந்த வாரத்துக்கு ஒரு வேலை தரேன். வாட்ஸ்அப்ல வர்ற ஏதாவது ஒரு ஃபார்வர்டை எடுங்க. அதுல எழுதியிருக்கிறது எது, படிக்கும்போது நீங்களா சேர்த்துக்கிட்டது எதுன்னு ரெண்டு பத்தியா பிரிச்சு எழுதுங்க. சிலாஜிசத்துக்கு இதைவிட மலிவான பயிற்சி கிடையாது.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.