உங்களுக்குத் தெரியுமா? பாய் போதும், மெஷின் வேண்டாம்

பிலாட்டீஸ் என்ற உடற்பயிற்சி முறையின் பெயர் ஒரு மனிதருடையது. 1883-இல் ஜெர்மனியில் பிறந்த ஜோசப் பிலாட்டீஸ், ஆஸ்துமாவும் ரிக்கெட்ஸும் படுத்திய சீக்காளிப் பிள்ளை. தன் பயிற்சிக்கு அவர் வைத்த பெயர் ‘கன்ட்ராலஜி’. அதை யாரும் சீண்டவில்லை. ஆளின் பெயரே நிலைத்துவிட்டது.

இந்தப் பயிற்சி ஏசி ஸ்டூடியோவில் பிறக்கவில்லை. முதல் உலகப் போரின்போது ‘எதிரி நாட்டுக்காரர்’ என்று பிரிட்டன் அவரை முகாமில் அடைத்தது. தரையில் படுத்துச் செய்யும் பயிற்சிகள் அங்கேதான் உருப்பெற்றன. கட்டில் ஸ்பிரிங்குகளை வைத்தே நோயாளிகளுக்கு உடற்பயிற்சி தந்தார் என்றொரு கதையும் உண்டு. கதையோ நிஜமோ, இன்றைய ‘ரிஃபார்மர்’ மெஷினில் எடைக்கல் கிடையாது, ஸ்பிரிங்தான். இழுக்க இழுக்க எதிர்ப்பு கூடும். ஒரகடம் தொழிற்சாலை லைனில் நிற்பவர்களுக்கு இதை நான் சொல்லவா வேண்டும்!

மூச்சு, மன ஒருமை, மையம், கட்டுப்பாடு, துல்லியம், தடையில்லா ஓட்டம் என்ற ஆறு கொள்கைகளை அவரே பட்டியல் போடவில்லை. 1967-இல் அவர் இறந்த பிறகு, 1980-இல் வந்த ஒரு புத்தகம் அவற்றைத் தொகுத்தது.

‘துல்லியம்’ என்பதால், ஷிப்டுக்கு இத்தனை பீஸ் என்ற கணக்கு இங்கே செல்லாது. பல பயிற்சிகளை விரல்விட்டு எண்ணும் தடவைதான் செய்ய வேண்டும். கோணலாக வந்தது ரிஜெக்ட்!

‘மையம்’ என்பது வயிறும் இடுப்பும் கீழ்முதுகும். வயிற்றின் உள்தசை ஒன்று பெல்ட் மாதிரி இடுப்பைச் சுற்றி ஓடுகிறது. கையோ காலோ அசையும் முன் அது இறுக வேண்டும். எட்டு மணி நேரம் நின்றே வேலை பார்ப்பவரின் முதுகுக்கு அந்த பெல்ட்தான் துணை.

மூச்சு? இரு கைகளையும் விலாவில் வையுங்கள். மூக்கால் இழுக்கும்போது விலா பக்கவாட்டில் விரிந்து கைகளைத் தள்ள வேண்டும். செம்பரம்பாக்கம் ஏரி ஷட்டரைத் திறப்பதுபோல, கொஞ்சம் கொஞ்சமாக வாயால் விடுங்கள்.

புகழ்பெற்ற ‘ஹண்ட்ரட்’: மல்லாந்து படுத்து, தலையையும் கால்களையும் தூக்கி, நீட்டிய கைகளை மேலும் கீழுமாகச் சின்னதாக அசைக்க வேண்டும். ஐந்து அசைவுக்கு மூச்சு உள்ளே, ஐந்துக்கு வெளியே. பத்துச் சுற்றில் நூறு. கம்பெனி பஸ் வருவதற்குள் முடிந்துவிடும். டிஸ்க் பிரச்சினை இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். மற்றவர்கள், கழுத்து வலித்தால் தலையைப் பாயில் சாய்த்துவிட்டு, எண்ணிக்கையை விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.