ஒரே ஒரு வேலைக்காகக் கட்டின ஊர்

‘சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர்’னு நம்ம துறையில அடிக்கடி சொல்வோம். ஒரு முழு ஊரே அப்படி இருந்தா? சைபீரியாவில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே, யெனிசேய் ஆற்றங்கரையில் இருக்கிற இகார்காவைப் பாருங்க.

1929-ல் சோவியத் அரசு இந்த ஊரை உருவாக்கினது மர ஏற்றுமதிக்காக. தெற்குக் காடுகளில் வெட்டின மரம் ஆற்றோடு மிதந்து வரும். இங்கே அறுத்துக் கடல் கப்பல்ல ஏத்துவாங்க. ஊரைக் கட்டினவங்கள்ல நிறையப் பேர், சொந்த நிலத்தைவிட்டு விரட்டப்பட்ட விவசாயிகள். 1949-ல் கைதிகளை வெச்சு ரயில் பாதையும் போட ஆரம்பிச்சாங்க. 1953-ல் ஸ்டாலின் இறந்ததும் வேலை நின்னுபோச்சு; ரயில் வரவே இல்லை.

1989-ல் இங்கே 18,000 பேருக்கு மேல் வாழ்ந்தாங்க. சோவியத் உடைஞ்சதும் மர ஏற்றுமதி சரிஞ்சது. வேற வேலை கிடையாது, சனம் கிளம்பிடுச்சு. 2010 கணக்கெடுப்பில் 6,183 பேர்.

பணம் அந்தப் பக்கமே வரலைன்னு சொல்ல முடியாது. வான்கோர் எண்ணெய் வயலுக்குப் போற தொழிலாளர்கள் இகார்கா விமான நிலையத்துலதான் இறங்கி, ஹெலிகாப்டர் மாறுவாங்க. ஆனா அந்த நிலையம் இருக்கிறது ஆற்றுக்கு நடுவே, ஒரு தீவுல. ஊருக்குள்ள அவங்க கால் வைக்கணும்னு அவசியமே இல்லை.